மாண்டவர் ஆண்ட மலைநாடு

1533ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வட பெருவின் மலைநகரமாகிய கஹமார்க்காவின் சதுக்கத்தில், ஒரு மரக்கம்பத்தோடு பிணிக்கப்பட்டு நின்றான் இன்காப் பேரரசன் அத்தவால்பா. எட்டு மாதங்களுக்கு முன் அவனைச் சூழ்ச்சியால் சிறைபிடித்த ஸ்பானியர், விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையப் பொன்னையும் அதன் இருமடங்கு வெள்ளியையும் பெற்றுக்கொண்ட பின்னரும் வாக்கைக் காப்பாற்றாது, அவனை உயிரோடு கொளுத்தும்படி தீர்ப்பளித்திருந்தனர். அத்தருணத்தில் உடனிருந்த பாதிரியார் வால்வெர்தே, ஞானஸ்நானம் பெற இசைந்தால் தீ வேண்டியதில்லை, கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொல்வதோடு முடித்துக்கொள்வார்கள் என்று அறிவித்தார். அத்தவால்பா இசைந்தான். எவ்வகையிலும் உயிர் போவது நிச்சயமாகிவிட்ட பிறகு, சூரியனின் மைந்தன் என்று வணங்கப்பட்ட ஒருவன், தன் குலதெய்வத்தையே துறப்பதாக வாயால் சொல்லிக் காப்பாற்றிக்கொண்டது எதை என்றால், தன் பிரேதத்தை.

அது கோழைத்தனமும் அன்று, கடைசி நேரத்து மனமாற்றமும் அன்று. ஆண்டிஸ் மலைத்தொடரின் இரு மருங்கிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மக்களின் நம்பிக்கைப்படி, மரணம் ஒரு மனிதரைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்துவிடுவதில்லை; பேசுவதும் நடப்பதும் நின்றுபோகும், ஆனால் பசியும் தாகமும், நிலபுலன்களின் மீதுள்ள உரிமையும், சந்ததியாரிடம் எதிர்பார்க்கும் மரியாதையும், அவர்களுக்கு மழையும் விளைச்சலும் அருளும் வல்லமையும் அப்படியே நிலைத்திருக்கும். இவையனைத்தும் தங்கியிருப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உடல். ஆகவே உடலை அழியாமல் வைப்பது அவர்களுக்கு ஈமச்சடங்கு மாத்திரமாக இருக்கவில்லை. குடும்பத்தைக் குலையாமல் வைக்கும் காரியமாகவே இருந்தது.

இயற்கையும் அதற்குத் துணை நின்றது. உயிர் நீங்கிய சரீரத்தைச் சிதைப்பவை, அதனுள்ளேயே வாழ்ந்துவந்த நுண்ணுயிர்களும், அதன் திசுக்களிலேயே ஊறிக்கிடந்த நொதிகளும்தாம். இவ்விரண்டும் தொழிற்பட நீர் இன்றியமையாதது. பெருவின் தென்கரையிலும் சிலியின் வடகரையிலும், தெற்கிலிருந்து பாயும் குளிர்ந்த கடல் நீரோட்டம் மேகத்தை மழையாகவிடாமல் தடுக்க, கிழக்கே நிற்கும் மலைச்சுவர் அமேசான் காட்டின் ஈரக்காற்றை மறித்துவிடுவதால், உலகத்திலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றான அடக்காமா உருவாயிற்று. அங்கே உப்பு மண்டிய மணலில் கிடத்திய உடல், அழுகுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். மேலே மலைநாட்டிலோ, இரவின் உறைபனியும் பகலின் கூரிய வெயிலும் மாறி மாறி வேலை செய்கின்றன. உருளைக்கிழங்கை இரவில் உறையவிட்டு, காலையில் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்கும் சுன்யோ என்னும் உணவை இன்றும் அங்கே செய்கிறார்கள். லாமாவின் இறைச்சியையும் இவ்வாறே உலர்த்திக் காக்கிறார்கள். கெடாமல் வைப்பதற்கு ஈரத்தை நீக்கவேண்டும் என்னும் ஞானத்தை எந்தச் சாஸ்திரமும் அவர்களுக்குப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்களுடைய அன்றாடச் சமையலிலேயே இருந்தது.

இயற்கை செய்துவந்த இக்காரியத்தை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்ட மிகப் பழைய இடங்களுள் ஒன்று, நமக்குத் தெரிந்தவரையில், இன்றைய சிலி நாட்டின் அரிக்கா நகரத்தையும் அதற்குத் தெற்கேயுள்ள கமரோனெஸ் பள்ளத்தாக்கையும் சூழ்ந்த கடற்கரை. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தியர் தம் மன்னர்களின் உடல்களைப் பதனிடத் தொடங்குவதற்குச் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கு வாழ்ந்த மீனவர்கள் அக்கலையில் தேர்ந்திருந்தனர். சின்சோரோ என்று அறிஞர்கள் இவர்களை அழைக்கின்றனர். இவர்களுக்கு அரசன் இல்லை, கோயில் இல்லை, மட்பாண்டம் வனையத் தெரியாது, உழவு தெரியாது. மீனும் சிப்பியும் கடற்சிங்கமுமே ஆகாரம். செல்வம் பெருகி, அரசு தோன்றி, புரோகித வர்க்கம் ஒன்று வளர்ந்த பிறகே இத்தகைய ஆடம்பரமான பிரேத சம்ஸ்காரம் தோன்றமுடியும் என்று நாம் எளிதாக நினைத்துக்கொண்டிருந்த எண்ணத்தை இந்த ஏழை மீனவர்கள் தகர்த்துவிட்டார்கள்.

அவர்கள் செய்த முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். இறந்தவரின் தலையையும் கைகால்களையும் உடலிலிருந்து பிரித்து, தோலை உரித்தெடுத்து, உள்ளுறுப்புகளையும் தசையையும் நீக்கி, எலும்புகளைச் சுத்தம் செய்வார்கள். பின்பு அவ்வெலும்புகளை மறுபடி பொருத்தி, நீண்ட குச்சிகளை முதுகெலும்போடும் கைகால்களோடும் இணைத்து நாணற்கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். அதன் மேல் சாம்பற்குழம்பைப் பூசி, இழந்த தசையின் வடிவத்தை மீண்டும் வார்த்து, உரித்த தோலைப் போர்த்தி, தோல் போதாத இடத்தில் கடற்சிங்கத்தின் தோலை வைத்து ஒட்டுப்போடுவார்கள். முகத்திற்குக் களிமண்ணால் ஒரு முகமூடி. அதில் கண்ணுக்கும் வாய்க்கும் சிறு திறப்புகள். தலைக்குக் குட்டையான கருமயிர். உடல் முழுவதும் மாங்கனீசுக் கறுப்பு. இவை கறுப்பு மம்மிகள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் முறை மாறியது. உடலை முழுவதும் துண்டாக்காமல், கீறல் வழியாக உள்ளுறுப்புகளை நீக்கி, உள்ளே உலர்த்தி அடைத்து, செங்காவி பூசி, நீண்ட கூந்தலைப் பொருத்தினார்கள். இவை சிவப்பு மம்மிகள்.

பல மம்மிகளில் வண்ணம் ஒரு முறைக்கு மேல் பூசப்பட்டிருக்கிறது. தேய்ந்த இடங்கள் செப்பனிடப்பட்டிருக்கின்றன. செய்து முடித்த உடனே புதைத்துவிட்டிருந்தால் தேய்மானத்துக்கு இடமில்லை. ஆகையால் இவ்வுடல்கள் சில காலமாவது உயிரோடிருந்தவர்களின் நடுவில், அவர்கள் பார்க்கவும் தொடவும் கூடிய நிலையில் இருந்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு செய்தி நம் நெஞ்சைக் கலக்குவது. இந்தக் கடும் உழைப்பு பெரியவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கைக்குழந்தைகளும், கருவிலேயே கலைந்த சிசுக்களும்கூட, அதே கவனத்தோடு, அதே முகமூடியும் வண்ணமும் தந்து பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பெர்னார்தோ அர்ரியாசா என்னும் சிலி நாட்டு மானிடவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். கமரோனெஸ் ஆற்றுநீரில் இயற்கையாகவே ஆர்சனிக் நஞ்சு கலந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்திருக்க, அங்கே ஏறத்தாழ 1,000 மைக்ரோகிராம் உள்ளது. அந்நீரைக் குடித்த தாய்மாருக்குக் கருச்சிதைவும் சிசுமரணமும் மிகுந்திருக்கும். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிறு சமூகத்தின் துயரமே இக்கலையின் தோற்றுவாய் என்பது அவர் கருத்து. இதனை நிரூபணம் என்று சொல்லமுடியாது, அனுமானமே. ஆனால் உள்ளங்கையளவு முகத்திற்கு ஒருவர் பொறுமையாகக் களிமண்ணில் கண்ணும் மூக்கும் வாயும் அமைத்திருப்பதைக் காணும்போது, அரசியலையும் மதத்தையும்விடத் துக்கமே இதற்கு முந்தைய காரணம் என்று நம்ப மனம் விழைகிறது.

1917இல் மாக்ஸ் ஊலே என்னும் ஜெர்மானியர் இவற்றை முதன்முதலாக விவரித்து எழுதினார். 1983இல், அரிக்காவின் மோர்ரோ குன்றின் அடிவாரத்தில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது ஒரே இடத்தில் 96 உடல்கள் கிடைத்தன. 7,000 ஆண்டுகள் தாங்கிய இவ்வுடல்களில் சில, அருங்காட்சியகத்தில் அண்மைக்காலத்தில் கருமையான கூழாகக் கசியத் தொடங்கின. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றில் ஈரப்பதம் கூடியதால், தோலில் இயல்பாக வாழும் சாதாரண நுண்ணுயிர்களே பெருகி அத்தோலைத் தின்னத் தலைப்பட்டிருக்கின்றன.

சின்சோரோ மக்களுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கடந்து, வடக்கே பெருவின் பராக்காஸ் தீபகற்பத்தில் வேறொரு மரபைக் காண்கிறோம். இங்கே உடலை வெட்டிக் கட்டவில்லை. முழங்கால்களை மார்போடு சேர்த்து உட்காரவைத்துக் கயிற்றால் பிணித்து, ஒரு கூடையில் அமர்த்தி, துணிமேல் துணியாகச் சுற்றினார்கள். 1927இல் ஹூலியோ தெல்யோ அங்கே வாரி கயான் என்னுமிடத்தில் 429 பொதிகளை வெளிக்கொணர்ந்தார். தெல்யோ வாரோச்சிரி மலைப்பகுதியில் கெச்சுவா பேசும் குடும்பத்தில் பிறந்து, தம் முன்னோர்களின் வரலாற்றைத் தாமே தோண்டியெடுத்த பேரறிஞர். பெருவின் தொல்லியலுக்குத் தந்தை என்று போற்றப்படுபவர். பெரிய பொதிகளில், முரட்டுப் பருத்தித் துணியின் மடிப்புகளுக்கிடையே, லாமா இன விலங்குகளின் மயிரிழையால் நெருக்கமாகப் பின்னல் வேலை செய்த போர்வைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு போர்வையில், கூந்தல் காற்றில் பறக்க வானில் மிதக்கும் மனித உருவம் பத்திக்குப் பத்தி திரும்பத் திரும்ப வரும். உருவம் ஒன்றே, ஆனால் வண்ணங்களின் வரிசை ஒவ்வொன்றிலும் மாறும். மண்ணுக்குள் மறையப்போகும் துணிக்காக எத்தனையோ கைகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊசி பிடித்திருக்கவேண்டும். நான் அறிந்தவரையில் பழைய உலகின் எந்த ஜாதியாரும் நெசவில் இவர்களை விஞ்சியதில்லை.

வடகரையின் மோச்சே மக்கள் மன்னர்களைப் படுக்கவைத்தே புதைத்தார்கள். 1987இல் கல்லறைத் திருடர்களிடமிருந்து வால்தர் ஆல்வா போராடிக் காத்த சிபான் பிரபுவின் சமாதியில், வலப்பக்கம் பொன், இடப்பக்கம் வெள்ளி என்னும் நியமம், பத்துப் பொன் மணிகளும் பத்து வெள்ளி மணிகளும் கோத்த நிலக்கடலை வடிவ மாலை வரையில் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. கிழக்குச் சரிவில் சாச்சபோயா மக்கள் எட்டமுடியாத செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் மனித உருவம் கொண்ட பெரிய களிமண் கூடுகளை நிறுத்தினார்கள். தித்திகாக்கா ஏரிப் பிரதேசத்தின் கோல்யா பிரபுக்களோ சில்யுஸ்தானியில் 12 மீட்டர் உயரம் வரையில் கற்கோபுரங்கள் எழுப்பி, சூரியன் உதிக்கும் திசையில் தரையோடு ஒரு சிறு வாயில் வைத்தார்கள். ஒருவர் தவழ்ந்து நுழையும் அளவே உள்ள அந்த வாயிலைக் கவனிக்கவேண்டும். மூடி மறைப்பதற்கு மட்டும் எழுந்த கட்டடத்துக்கு அது தேவையில்லை.

இன்காக்களின் தலைநகரமான குஸ்கோவில் இந்தச் சிந்தனை ஒரு ராஜ்ய தர்மமாகவே வளர்ந்து நின்றது. ஒரு மன்னன் மாண்டால், பட்டமும் படையும் குடிகளிடம் வேலை வாங்கும் அதிகாரமும் அடுத்த மன்னனுக்குச் செல்லும். ஆனால் மாண்டவன் கட்டிய அரண்மனையும், அவன் பண்ணைகளும், பணியாட்களும், பொற்பாண்டங்களும் அவனுக்கே உரிமையாக நீடிக்கும். பட்டம் ஏறிய மகன் நீங்கலாக மற்றச் சந்ததியார் அனைவரும் பனாக்கா என்னும் கூட்டமாக அமைந்து, மல்க்கி எனப்படும் அவ்வுடலைப் பராமரித்து, அதன் பேரில் சொத்தை நிர்வகித்து, அதனாலேயே ஜீவித்தார்கள். இன்று உலகமெல்லாம் சென்று காணும் மச்சு பிக்சு, பச்சகூட்டி மன்னனுக்கு இவ்வாறு சொந்தமாயிருந்த பண்ணைகளுள் ஒன்றென அறிஞர் கருதுகின்றனர். புதிய மன்னனுக்குத் தந்தையிடமிருந்து நிலம் கிடைக்காததால் அவன் புதிதாக நாடு பிடிக்கவேண்டியிருந்தது என்றும், இன்காப் பேரரசு ஒரு நூற்றாண்டுக்குள் அத்தனை வேகமாக விரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றும் சில வரலாற்றாசிரியர்கள் வாதிக்கிறார்கள்.

நம் கோயில்களில் உற்சவ மூர்த்தி வீதியுலா வருவதைப் போல, விழா நாட்களில் இம்மன்னர்கள் நேர்த்தியான ஆடையுடன் பல்லக்கில் புறப்பட்டு நகரத்தின் பெருஞ்சதுக்கத்தில் வரிசையாக வீற்றிருப்பார்கள். ஸ்பானியப் படையெடுப்பில் உடன் வந்த இளைஞனான பேத்ரோ பிசாரோ இதை நேரில் கண்டு எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு மல்க்கிக்கு முன்னும் சிறு தீ மூட்டி, அவருக்குப் படைத்த உணவை அதில் இட்டு எரிப்பார்கள். அதுவே அவர் உண்பது. சிச்சா என்னும் சோள மதுவைப் பெரிய குடங்களில் அவர் முன் வார்ப்பார்கள். மாண்டவர்கள் தமக்குள்ளும், உயிரோடிருப்பவர்களோடும் மாறி மாறிப் பானம் பரிமாறிக்கொள்வார்கள். குடம் நிறைந்ததும் சதுக்கத்தின் நடுவிலிருந்த கல்லின் துவாரத்தில் ஊற்ற, அது மறைவான வாய்க்கால்களில் ஓடி மண்ணுக்குள் இறங்கும்.

அவரே விவரிக்கும் வேறொரு சம்பவம் இதைவிட வியப்பானது. இன்கா தளபதி ஒருவன் உயர்குலப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பி, அவளுடைய தலைவரிடம் சம்மதம் கேட்டுத் தரும்படி ஸ்பானியரை வேண்ட, பேத்ரோ பிசாரோ அதற்காக அனுப்பப்பட்டார். உயிருள்ள ஒரு பிரபுவைச் சந்திக்கப்போகிறோம் என்று எண்ணிச் சென்றவரைக் கொண்டுபோய் நிறுத்தியது, துணியால் சுற்றிய ஒரு மல்க்கியின் முன். அதன் ஒரு பக்கம் ஓர் ஆண், மறுபக்கம் ஒரு பெண். கோரிக்கையைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சற்று மௌனமாயிருந்து, பின்பு தம் தலைவர் சம்மதிப்பதாகத் தெரிவித்தார்கள். அத்தவால்பாவின் சகோதரனும் பகைவனுமான வாஸ்கார், நாட்டில் நல்லதெல்லாம் மாண்டவர்கள் கையிலேயே இருக்கிறது, அவர்களைப் புதைத்துவிடவேண்டும் என்று கோபித்துக்கொண்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். தாயாதிச் சண்டையின் முடிவில் அத்தவால்பாவின் தளபதிகள் வாஸ்காரின் பக்கம் நின்ற பனாக்காவைத் தண்டிப்பதற்காக அதன் மல்க்கியையே தீயிலிட்டார்கள். அம்மல்க்கி தோப்பா இன்கா, அத்தவால்பாவின் சொந்தப் பாட்டனார். கஹமார்க்காவில் தீயின் முன் நின்றவனுக்கு அதன் அர்த்தம் தெரிந்தேயிருந்தது.

அரசகுலத்தாருக்கு மட்டும் உரிய எண்ணங்கள் என்று இவற்றைக் கருதலாகாது. 1608ஐ ஒட்டி வாரோச்சிரியில் கெச்சுவா மொழியில் எழுதிவைக்கப்பட்ட ஓர் ஐதீகம், குடியானவர்களின் வீட்டுக் கதையாக இதே பொருளைச் சொல்கிறது. ஆதியில் இறந்தவர்கள் ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிடுவார்களாம். சுற்றத்தார் உணவு சமைத்துக் காத்திருப்பார்கள். அதனால் ஜனத்தொகை பெருகி உணவுக்கு முட்டுப்பாடு வந்தது. அவ்வாறிருக்க, ஒருவன் ஐந்தாம் நாள் வராமல் ஆறாம் நாள் வந்து சேர, காத்துக் காத்துச் சலித்த மனைவி சோளக்கதிர்த் தண்டு ஒன்றை அவன்மேல் வீசினாள். ஆவி ஈயைப்போல் ரீங்கரித்துப் பறந்துபோயிற்று. அன்றுமுதல் எவரும் திரும்புவதில்லை. மரணத்தின் தோற்றத்தைச் சொல்லும் கதைகள் உலகெங்கும் உண்டு; ஒரு வேளைச் சோற்றுக்குக் காக்கவைத்ததையும் ஒரு கணத்துக் கோபத்தையும் அதற்குக் காரணமாக்கிய கதையைப்போல் மனித இயல்பை அறிந்தது வேறு உண்டோ என்று ஐயுறுகிறேன். ஆவி போகும் வழியில் ஓர் ஆறு உண்டென்றும், மயிரால் பின்னிய மெல்லிய பாலத்தின் மீது கடக்கவேண்டுமென்றும், கறுப்பு நாய்கள் வழிகாட்டுமென்றும் ஜனங்கள் நம்பியதை ஆர்ரியாகா என்னும் ஏசுசபைப் பாதிரியார் 1621இல் பதிவு செய்திருக்கிறார்.

இந்த நம்பிக்கையின் கொடிய பக்கத்தையும் மறைக்கக்கூடாது. தேர்ந்தெடுத்த குழந்தைகளை மலைச்சிகரங்களில் பலியிட்டு, தேவர்களிடம் தூதனுப்பும் காப்பாகோச்சா என்னும் சடங்கு இன்காக்களிடம் இருந்தது. 1999இல் அர்ஜென்டினாவின் எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யுயாய்யாக்கோ எரிமலையின் உச்சியில், யோஹான் ரைன்ஹார்டும் கான்ஸ்தான்சா செருத்தியும் உறைந்த மூன்று குழந்தைகளைக் கண்டெடுத்தனர். அவர்களுள் மூத்தவள் சுமார் 13 வயதுப் பெண். மனித மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அவளது நீண்ட பின்னல் அவள் வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குச் சாட்சியாக இருந்தது: மரணத்திற்கு ஓராண்டு முன் ஏழை உணவு மாறிச் சோளமும் இறைச்சியும் சேர்ந்தன, கோக்கா இலை மிகுந்தது, இறுதி வாரங்களில் சிச்சா பெருமளவில் ஊட்டப்பட்டது. அவள் வாயில் கோக்கா இலை அடங்கியபடியே இருந்தது. தெய்வமாக்குவதற்காக என்று சொன்னாலும் இது கொலையே. இன்று சால்தா நகரத்து அருங்காட்சியகத்தில் அம்மூவரையும் குளிர்ப்பெட்டியில் ஒவ்வொருவராகக் காட்சிக்கு வைக்கிறார்கள். அவ்வட்டாரப் பழங்குடியினரில் பலர் அதை எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மல்க்கிகள் இருக்கும்வரை இன்காக்களின் ஆட்சி முடியவில்லை என்பதை ஸ்பானிய அதிகாரிகள் விரைவில் உணர்ந்தார்கள். விரகோச்சா இன்கா என்னும் முன்னைய மன்னனின் உடலைப் பொன்னுக்காக கொன்சாலோ பிசாரோ என்னும் ஸ்பானியத் தளபதி எரித்தபோது, ஜனங்கள் சாம்பலைத் திரட்டி ஒரு ஜாடியிலிட்டு வணங்கினார்கள். எஞ்சிய மல்க்கிகளைப் பனாக்காக்கள் மறைத்து வைத்திருந்தன. போலோ தெ ஒந்தெகார்தோ என்னும் நீதிபதி 1559இல் அவற்றைத் தேடிப் பிடித்தார். மறு ஆண்டு, ஸ்பெயினுக்குப் புறப்படவிருந்த இளைஞன் கார்சிலாசோ தெ லா வேகாவை, இன்கா இளவரசியின் மகனான அவனை, போலோ தம் வீட்டுக்கு அழைத்து அவற்றுள் ஐந்தைக் காட்டினார். ஒரு முடி, ஓர் இமைமயிர்கூட உதிரவில்லை என்றும், மன்னன் வாய்னா காப்பாக்கின் விரலைத் தொட்டபோது மரத்தைப்போல் உறுதியாக இருந்தது என்றும், எடை மிகக் குறைவாதலால் ஓர் ஆளே தூக்கிச் செல்ல முடிந்தது என்றும், வெள்ளைத் துணியால் மூடி வீதியில் கொண்டுசென்றபோது இந்தியர்கள் கண்ணீரோடு மண்டியிட, ஸ்பானியரும் தொப்பியைக் கழற்றினார்கள் என்றும் கார்சிலாசோ தம் முதுமையில் எழுதினார். பின்னர் சில மல்க்கிகள் லீமா நகரத்து சான் ஆந்திரெஸ் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. 1590 வாக்கில் அகோஸ்தா பாதிரியாரின் நூலில் அவற்றைப் பற்றிய குறிப்பு வருகிறது. அதன்பின் அவை எங்கே போயின என்பதற்குத் தடயம் கிட்டவில்லை.

கிராமங்களில் போராட்டம் இன்னும் நெடுங்காலம் நடந்தது. இறந்தவர்களை மாதா கோயில் நிலத்தில் புதைக்கவேண்டும் என்பது சட்டம். பகலில் அதன்படி புதைத்துவிட்டு, இரவில் தோண்டியெடுத்து முன்னோர்களின் குகையில் கொண்டுவைத்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், அவர்கள்மீதுள்ள அன்பினால்தான், மண்ணின் பாரத்தில் அவர்கள் நெருக்குண்டு துன்புறுகிறார்கள், குகையில் காற்றாட இருப்பார்கள் என்று பதில் வந்ததை, அக்குகைகளைத் தகர்க்க முன்னின்ற அதே ஆர்ரியாகாதான் எழுதிவைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான உடல்கள் ஊர் நடுவில் எரிக்கப்பட்டன.

வாமன் போமா என்னும் மலைநாட்டு எழுத்தாளர் 1615இல் முடித்த தம் கையெழுத்துப் பிரதியில், நவம்பர் மாதத்திற்கு இறந்தவர்களைத் தோளில் சுமந்து செல்லும் காட்சியைச் சித்திரமாக வரைந்திருக்கிறார். கிறிஸ்துவரின் சகல ஆத்மாக்களின் திருநாளும் நவம்பரில் வந்தது மலைநாட்டாருக்கு வாய்ப்பாயிற்று. இன்றும் அந்நாட்களில் பெருவிலும் பொலிவியாவிலும் கல்லறைகளின்மேல் குழந்தை வடிவ ரொட்டியும் சிச்சாவும் வைத்துக் குடும்பத்தோடு அமர்ந்து உண்கிறார்கள். லா பாஸ் நகரத்தில், நவம்பர் 8ஆம் நாள், வீட்டில் பெயரிட்டு வைத்துப் போற்றும் மண்டையோடுகளுக்குப் பூமாலை சூட்டி, பொதுக் கல்லறைத் தோட்டத்திற்கு எடுத்துவந்து, கோக்கா இலை தூவி, வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து, இசைக்குழு முழங்கக் கொண்டாடுகிறார்கள். திருச்சபை அதை அங்கீகரிக்கவில்லை. கூட்டம் ஆண்டுதோறும் வருகிறது.